மார்த்தாண்டத்திலிருந்து வந்த சைலன்சர்

1936 பிப்ரவரி 3, திங்கள். பூதப்பாண்டி

காலையில் எங்கள் அரிசி மில்லில் நெல்லைக் கொட்டி, உமி நீக்கும் ஹல்லரை ஓட விட்டதுதான் தாமதம், வெளியே துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். டீசல் எஞ்சினின் சைலன்சர் நெடுக வாய் பிளந்துவிட்டது. புகைக்குழலின் சத்தத்தை அடக்குவதே அந்த இரும்புக் குடுவைதான். துருப்பிடித்து மாதக்கணக்காகப் புகை கசிந்துகொண்டிருந்தது. இன்று போயே போய்விட்டது.

பக்கத்து வீட்டுப் பகவதியம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். அவருடைய மகள் தாணம்மாள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.

"மக்களே, ஒவ்வொரு வெடிக்கும் எனக்க பிள்ள துள்ளுகா. வயித்துல இருக்கதும் துள்ளுகு. ஒரு வழி பண்ணு."

என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் எஞ்சினை நிறுத்தினார். கும்பப்பூ நெல் அறுப்பு தொடங்கிவிட்டது. முற்றம் நிறைய மூட்டைகள்.

பிப்ரவரி 4

மில் ஓடவில்லை. அவர் நாள் முழுக்கப் பேசியது "காப்பி போதும்" மட்டும்.

பிப்ரவரி 5, புதன்

நாகர்கோவிலில் எஞ்சின் ஏஜெண்டைப் பார்த்துவிட்டு வந்தார். புதுச் சைலன்சருக்கு எங்கள் இரண்டு மாத வரும்படி போய்விடும். அதுவும் மதராஸிலிருந்து வர ஒரு மாதமாகுமாம். அதற்குள் அறுப்பே முடிந்துவிடும்.

சோறு வைத்துவிட்டு, இனி என்ன செய்யலாம் என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். குழம்பை ஊற்றிப் பிசைகிறார். கல்யாணமாகி ஐந்து மாதம். மில்லில் சைகை, வீட்டில் மௌனம். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ —

"இஞ்ச பாருங்க, நான் பேசுதது காதுல விழல்லியா?"

நிமிர்ந்து பார்த்தார். "விழல்ல" என்றார்.

கேலி என்று நினைத்தேன். இல்லை. சைலன்சர் கசிய ஆரம்பித்த நாளிலிருந்தே அவருக்குக் காதில் இரைச்சல். சாயங்காலமானால் சீவிடுப் பூச்சிகள் கத்துவது போல இருக்குமாம். நான் பேசுவதில் பாதி அதில் முங்கிப்போகிறது. "திரும்பத் திரும்பக் கேட்டா செவிடன்னு நெனச்சிருவியேன்னு..." என்றார்.

என்னைப் பிடிக்கவில்லை என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தேன்! அடுக்களைக்குப் போய் அழுதேன். அழுதுகொண்டே சிரிப்பும் வந்தது. பைத்தியமா எனக்கு?

பிப்ரவரி 7

வடசேரியில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு குட்டிக் காரின் பழைய சைலன்சரை வாங்கி வந்து மாட்டினார். சத்தம் குறைந்தது, சரி. எஞ்சினுக்கு மூச்சு முட்டிவிட்டது! குழல் குறுகல், புகை வெளியே போக வழியில்லை. கரும்புகை, கொதிப்பு. ஹல்லர் ஆமை போலச் சுற்றி, நெல்லும் அரிசியும் உமியும் ஒன்றாக வந்து விழுந்தன. நெல் கொண்டு வந்திருந்த சிவதாணு அண்ணாச்சி ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "ஞானையா, இத கோழிகூட யோசிச்சுதான் திங்கும்" என்றார் இவரிடம். இவர் முகத்தில் கரி. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது என் சிநேகிதி நேசபாய் ஒரு சேதி சொன்னாள். அவளுடைய ஊர் மார்த்தாண்டம். அங்கே மரம் அறுக்கும் மில்லில் புதிதாகப் பெரிய எஞ்சின் வைத்திருக்கிறார்களாம். பழைய எஞ்சினின் சாமான்களெல்லாம் ஷெட்டில் கிடக்கின்றனவாம். எங்கள் எஞ்சின் அளவுதானாம் அது. நாளைக்கே போவோம் என்று இவரிடம் சொன்னேன். "போவோமா, ரெண்டுபேருமா?" என்று கேட்டார். ஆமாம், இரண்டு பேரும்தான்.

பிப்ரவரி 10, திங்கள்

எவ்வளவு நல்ல நாள்! எழுதாமல் தூங்க முடியாது.

கிளம்பும் முன் எங்கள் எஞ்சின் குழலைச் சுற்றி நூல் வைத்து அளவெடுத்து மடியில் முடிந்துகொண்டேன். குட்டிக் கார் கதை இன்னொரு தடவை வேண்டாம்.

மில்காரர் முத்துநாயகம் இரண்டு சைலன்சர்களைக் காட்டினார். ஒன்று கறுப்புப் பெயின்ட் அடித்துப் பளபளவென்றிருந்தது. மற்றது மேலெல்லாம் துரு. இரண்டின் வாய்க்கும் நூல் பொருந்தியது. விலையும் ஒன்றுதான், புதியதில் ஐந்தில் ஒரு பங்கு. இவர் ஒரு ஸ்பானரை எடுத்துப் பளபளப்பைத் தட்டினார். துருவைத் தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு ஸ்பானரை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு வித்தியாசம் பிடிபடல்ல. நீ தட்டிப் பாரு."

பளபளப்பானது கீறல் விழுந்த பானை மாதிரிச் சத்தம் கொடுத்தது. துருப்பிடித்தது கணீரென்றது. இதுதான் என்றேன்.

முத்துநாயகத்துக்கு ஆச்சரியம். "என்ன ஓய், பெண்ணடி தட்டிச் சொன்னதுக்கா இந்தத் துருவத் தூக்கப் போறீரு?"

"எனக்க காது அவதான்" என்றார் இவர். தயக்கமே இல்லாமல்.

முத்துநாயகம் பெயின்ட் அடித்ததைத் திருப்பினார். அடியில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. அவரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வேலைக்காரன் அடித்த பெயின்ட், தனக்கே தெரியாது என்று சத்தியம் பண்ணி, எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

பஸ் கண்டக்டர் இரும்பை மேலே ஏற்ற மாட்டேன் என்று முரண்டு பிடித்தான். இவர் பேசிப் பேசியே ஏற்றவைத்தார். இவருக்கு இவ்வளவு பேச வருமா?

பிப்ரவரி 11

உள்ளே இருந்த கரியைத் தேங்காய்த் தொண்டு போட்டு எரித்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, இணைப்பில் கல்நார்க் கயிறு சுற்றி மாட்டினார். குழலைக் கூரைக்கு மேலே ஏற்றிவிட்டார். சக்கரத்தைச் சுழற்றியதும் — டுப், டுப், டுப். அவ்வளவுதான்! அரிசி முழுசு முழுசாக வந்து விழுந்தது. நான் கை தட்டினேன். நான் கை தட்டியது எனக்கே கேட்டது.

கொஞ்ச நேரத்தில் பகவதியம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னும் ஓட்டல்லியா மக்களே?" என்று கேட்டார்.

பிப்ரவரி 15

தாணம்மாளுக்குப் பெண் குழந்தை. இருவரும் சுகம். மில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பிறந்தாள்.

பிப்ரவரி 20

காதில் இரைச்சல் பாதி குறைந்திருக்கிறதாம். மீதியும் போகுமா, தெரியவில்லை. அவருடைய இடது பக்கம் உட்கார்ந்து பேசுகிறேன். அந்தக் காது நன்றாகக் கேட்கிறது.

பிப்ரவரி 27, வியாழன்

மில்லில் நல்ல கூட்டம். நான் ஒரு மூலையில் குருணை சலித்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் பக்கத்திலிருந்து அவர் கூப்பிட்டார். சத்தம் போடாமல், சாதாரணக் குரலில், "ராஜபாய்".

திரும்பி, "என்ன வேணும்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. சும்மா கூப்பிட்டுப் பாத்தேன்."

நெல்லோடு காத்திருந்த பெண்கள் சுளகால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. குனிந்து சலிக்கத் தொடங்கினேன். மறுபடி கூப்பிட்டார்.

கேட்டது. நன்றாகவே கேட்டது. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று திரும்பாமல் இருந்தேன்.