மஞ்சள் தலை ஊசி

என் செல்ல அக்கா,

கோபப்படாமல் படி. அறை விளக்கைப் போட்டால் கதவுக்கடியில் வெளிச்சம் தெரியும் என்பதால், கைத்தொலைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

உன் ஊசிகளை எண்ணினேன். நான்கு தடவை எண்ணிவிட்டேன். இருபத்துமூன்றுதான் இருக்கின்றன.

நீ பலகார டின் மூடியில் போட்டு வைத்திருப்பாயே, அந்த உருண்டைத் தலை குண்டூசிகள். மொத்தம் இருபத்துநாலு. எண்ணாமல் ஒருநாளும் நீ தையலை விட்டு எழுந்ததில்லை. எண்ணி முடித்ததும் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் டுரியான் பழ வடிவக் காந்தத்தை எடுத்து வந்து போர்வை முழுக்கத் தடவுவாய். "போர்வைக்கு ஸ்கேன் எடுக்கிறா பாரு" என்று அப்பா கேலி செய்வார். அப்பா இன்றைக்கு மில்லில் இரவு வேலை. வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்.

நீ டெங்கியில் படுத்து, ஐந்தாவது நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. யோங் பெங் குழந்தைகள் இல்லத்துக்கு ஆறு போர்வை தருவதாகச் சொல்லியிருந்தாய். ஐந்து முடிந்திருந்தது. ஆறாவதுக்குத் துண்டுகளை இணைத்து மேல்துணி மட்டும் தைத்து வைத்திருந்தாய். பஞ்சையும் அடித்துணியையும் சேர்க்கவில்லை. என் பழைய பள்ளிச் சீருடை, அப்பாவின் கைலி, சித்தி வீட்டுத் திரைச்சீலையில் மிஞ்சிய மஞ்சள் துணி. எல்லாம் இருந்தன, நீதான் இல்லை.

அம்மா உன் தையல் இயந்திரத்தைப் படுக்கை விரிப்பால் மூடிவிட்டார். "இனி இத யாரும் தொடக்கூடாது" என்றார். அதனால் நான் கையாலேயே தைத்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு. இரண்டு வாரம் ஆனது. முடித்ததும் மற்ற ஐந்தோடு பெட்டியில் வைத்துவிட்டேன். பிறகு அம்மாவிடம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன்.

ஆனால் சனிக்கிழமை இல்லத்திலிருந்து கமலா ஆண்ட்டி போர்வைகளை வாங்கிப்போக வேனில் வந்தார். அம்மா பெட்டியைத் திறந்து எண்ணினார். ஆறு.

"பாத்தியா கமலா, ஆறையும் முடிச்சிட்டுத்தான் போயிருக்கா என் பொண்ணு. வாக்கு குடுத்தா குடுத்ததுதான்."

அக்கா, அம்மா சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அன்று ராத்திரி இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு நான் எப்படி வாயைத் திறப்பேன்? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரிடமும் அதையே சொன்னார். என் முதுகைத் தட்டி, "இவளும் அவள மாதிரி இருந்தா போதும்" என்றார்.

அன்று மதியம் கமலா ஆண்ட்டி அம்மாவின் போனுக்குப் படம் அனுப்பினார். இரண்டு வயதுக் குழந்தை, பேர் தர்ஷினி. "போர்வைய கீழயே வைக்க மாட்டேங்குது லா, மூலையக் கடிச்சிக்கிட்டேதான் தூங்குது" என்று குரல் பதிவும் வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் மூலை.

அப்போதுதான் ஊசி ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எண்ணினேன். சிவப்பு, நீலம், வெள்ளை எல்லாம் சரி. மஞ்சளில் ஒன்று குறைந்தது.

நினைவிருக்கிறதா? முதல்முதலில் உனக்கு உதவ வந்தபோது மஞ்சள் துணியில் மஞ்சள் ஊசியைக் குத்தினேன். "மஞ்சள்ல மஞ்சள் குத்தாதடி. கண்ணாமூச்சி ஆடவா ஊசி வாங்கி வச்சிருக்கேன்?" என்று தலையில் குட்டினாய். அதையேதான் மறுபடியும் செய்திருக்கிறேன். கடைசி மூலையைப் பிடித்துக் குத்தி வைத்திருந்த நேரத்தில் அம்மா கதவைத் தட்டினார். அவசரமாக ஓரத்துணியை அதன்மேல் மடித்துத் தைத்துவிட்டுப் போர்வையைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். எண்ணவில்லை. காந்தமும் வைக்கவில்லை.

இரண்டு நாளாகத் தேடுகிறேன். மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். தரை முழுக்கக் காந்தத்தை இழுத்தேன். அம்மா குளிக்கும்போது அவர் போனை எடுத்துக் கமலா ஆண்ட்டிக்கு எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டேன். வீட்டிலேயே எங்காவது கிடக்கும் என்று நம்பிப் பார்த்தேன். இப்போது நம்ப முடியவில்லை. அந்தக் குழந்தை இந்த நிமிடம் அதைக் கடித்துக்கொண்டிருக்கிறதா? சொன்னால் அம்மாவுக்கு உன்னை இன்னொரு தடவை இல்லாமல் ஆக்கியது போல் ஆகாதா? நீயாக இருந்தால் இந்நேரம் எழுதிக்கொண்டா இருப்பாய்?

போகிறேன்.

*

போய்விட்டு வந்தேன், அக்கா. விளக்கைப் போட்டுவிட்டேன்.

"ம்மா."

"என்னா, இன்னும் தூங்கலயா?"

"அந்த ஆறாவது போர்வ அக்கா முடிக்கல. நான்தான் முடிச்சேன். அதுல ஊசி இருக்கு. அந்தப் புள்ள கடிக்குதே, அந்த மூலையில."

அம்மா எழுந்து உட்கார்ந்தார். "எப்பத்திலருந்து தெரியும்?"

"ஞாயித்துக்கெழம."

"இன்னிக்கு செவ்வா."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பதில் அடித்திருக்கலாம். போனை எடுத்தார். முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை கமலா ஆண்ட்டியின் தூக்கக் குரல் கேட்டது.

"எதுவும் கேக்காத கமலா. மொதல்ல அந்தச் சின்னப் புள்ளகிட்ட இருந்து போர்வைய எடு. மஞ்ச மூலையில ஊசி இருக்கு. எடுத்துட்டு வந்து பேசு."

போனுக்குள் செருப்புச் சத்தம். கதவுச் சத்தம். ஒரு குழந்தை சிணுங்கி, பிறகு வீறிட்டு அழுதது. நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

"அலாமாக்" என்று பதறினார் கமலா ஆண்ட்டி. "மூலையில கெட்டியா என்னமோ தட்டுது. முனை வெளிய வரல. வாயெல்லாம் பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல. போர்வ வேணும்னுதான் அழுவுறா."

அம்மா போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அங்கிருந்தே கேட்டார், "அப்ப அவ கடைசியா தச்சது எது?"

"அஞ்சாவது. பச்சை."

"பச்ச" என்றார். மறுபடியும், "பச்ச."

பிறகு எழுந்து போய்க் குளிர்பெட்டியிலிருந்து காந்தத்தைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "காலையில ஸ்கூல் வேணாம். யோங் பெங் போறோம். ஊசிய எடுத்துட்டு அங்கயே உக்காந்து அந்த மூலைய நீயே தச்சுக் குடு. ஆறு போர்வையும் தடவிப் பாக்கணும்."

"அக்கா எண்ணியிருப்பாம்மா."

"தெரியும். இருந்தாலும் பாக்கணும்."

பச்சைப் போர்வையைத் தொட்டுப் பார்க்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

அக்கா, நாளைக்கு அந்த மஞ்சள் ஊசியைக் கொண்டுவந்து உன் மூடியில் போடுவேன். இருபத்துநாலும் இருந்தால்தான் இனி தையலை விட்டு எழுவேன். என் தையலை உன் தையல் என்று யார் சொன்னாலும் அங்கேயே திருத்துவேன். கோணலாக இருந்தாலும் அது என்னுடையது.

காதுக்குள்ளேயே ரீங்காரம் போடுகிறேன் என்று எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தாயே. உனக்கு டெங்கி வந்த பிறகு வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை. இன்றைக்கு அதையே கையெழுத்தாகப் போடுகிறேன்.

உன் தங்கச்சி,
கொசு