முட்டு பிரித்த நாள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதே.

கட்டட வேலை கிடைத்தது என்று எழுதினேன் அல்லவா, அது கூட்டிப் பெருக்குகிற வேலைதான். இருபத்திரண்டு வருடம் பாலம் கட்டியவனின் இன்ஜினியர் பட்டத்தை இந்த நாட்டில் இன்னும் பரிசீலித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை, கான்கிரீட் போட்டு நாலு நாள்கூட ஆகாத தளத்தைக் கீழிருந்து தாங்கிய முட்டுகளைப் பிரித்தார்கள். "இன்னும் ஒரு வாரம் விடுங்க சார், இல்லாட்டி இறங்கிடும்" என்றேன். "நீ தொடப்பத்தப் பிடி" என்றார் மேஸ்திரி. பிடித்தேன். ஊராக இருந்தால் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். மத்தியானம் தளம் இறங்கிவிட்டது. பயப்படாதே, எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. கீழே நின்ற இரண்டு பேருக்குத்தான் போதாத காலம். அந்த இடத்தை நான்தான் கழுவிவிட்டேன்.

விசாரிக்க வந்தவர், "விழும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றால், பிறகு ஏன் சும்மா இருந்தாய் என்பாரே. "எனக்கென்ன சார் தெரியும், நான் கூட்டுறவன்" என்றேன்.

யாராவது இங்கே வந்தால் என் பழைய மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தனுப்பு. பஸ் வந்துவிட்டது. பாப்பாவின் பள்ளிப் படிவத்தில் அப்பாவின் தொழில் கேட்டிருந்தார்களே, அதை இப்போதைக்கு நிரப்ப வேண்டாம்.

உன்னவன்