வயிறு முழுதாக இருக்கும்போதே

கொல்லெவெர்னோ
செப்டம்பர், ஞாயிறு மதியம்

அன்பு மகள் லொரெடானாவுக்கு அம்மா எழுதுவது. மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளை கிரேகும் குழந்தை டெஸ்ஸாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே உன் அப்பா சௌக்கியம், கோழிகள் சௌக்கியம், கத்தரிச்செடி இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது, எனக்கும் வயிற்றைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். டெஸ்ஸாவுக்கு இருமல் நின்றதா? ஈரத் தலையோடு வெளியே விடாதே, உங்கள் ஊர்க் காற்றை நான் நம்புவதில்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் நான் வாயைத் திறந்ததுமே நீ "சரிம்மா, சரிம்மா, நீ முதல்ல படுத்து ஓய்வெடும்மா" என்று புண்ணில் பஞ்சு வைத்து ஒற்றுகிற மாதிரி பேசுகிறாய். ஆகஸ்டு மாதம் என் வயிற்றில் கட்டி என்று தெரிந்ததிலிருந்து இந்தக் குரல்தான். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை யாரும் குறுக்கே வர முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை காலை நானும் அப்பாவும் கிளம்புகிறோம். நம் மலையூர்களை ஒன்று விடாமல் சுற்றிச் சாப்பிடப் போகிறோம், ஒயினும் குடிக்கப் போகிறோம். நீ வேண்டாம் என்றாய், உன் தம்பி துல்லியோ பொலோஞ்யாவிலிருந்து வந்து வேண்டாம் என்றான், வேண்டாம் என்றதோடு நிற்காமல் போகும்போது கார்ச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். உன் அப்பா மாதிரி முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன் வீட்டில் மாற்றுச் சாவி இருக்காது என்று அந்தப் படித்த பிள்ளை நினைத்திருக்கிறான். சாவி கிடைக்காமல் போயிருந்தால் லைன் பஸ்ஸில் போயிருப்பேன், அதுவும் இல்லையென்றால் நடந்திருப்பேன்.

ஆபரேஷன் தேதியை நான் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடவில்லை, அந்தப் பழியை என் தலையில் கட்டாதே. அக்டோபரில் அவர்கள் சொன்ன நாளில் போய்ப் படுத்துக்கொள்வேன். டாக்டர் பெத்ரூச்சி ஒரு தாளில் என் வயிற்றைப் படம் போட்டு, கத்தரிக்கோலால் வெட்டுகிற மாதிரி குறுக்கே ஒரு கோடு இழுத்து, இதற்குக் கீழே உள்ளதெல்லாம் போய்விடும் என்றார். மிச்சம் இருந்தது ஒரு எலுமிச்சம்பழம் அளவு. அப்புறம் எப்படி டாக்டர் சாப்பிடுவேன் என்று கேட்டேன். "குருவி மாதிரிதாம்மா, கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி கொறிக்கணும். ஆனா அதுவரைக்கும் நல்லாச் சாப்பிடுங்க, உங்க உடம்புல கொஞ்சம் சதை ஏறணும்" என்றார். ஒயின் என்று இழுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். "சாப்பாட்டோட ஒரு கிளாஸ். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அதுவும் கிடையாது" என்றார். உன் அப்பா பக்கத்தில்தான் இருந்தார், கேட்டுக்கொள். ஆக, டாக்டர் சாப்பிடச் சொல்கிறார், பெற்ற பிள்ளைகள் கஞ்சி குடிக்கச் சொல்கிறீர்கள்.

கிரேக் அனுப்பிய சுற்றுலா விளம்பரத்தைப் பார்த்தேன். அவர் தங்கமான பிள்ளை, மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். உடம்பு தேறியதும் அடுத்த வருஷம் எல்லோருமாக இதில் போகலாம் என்கிறார். படத்தில் வெளிநாட்டுப் பெண்கள் கழுத்தில் ஏப்ரன் கட்டிக்கொண்டு மாவு பிசைகிறார்கள், பின்னால் நம் ஊர் மலை தெரிகிறது, பக்கத்தில் ஒருவன் கிளாஸில் மூக்கை விட்டுக்கொண்டு நிற்கிறான். என் மலையில் என் சோற்றைச் சாப்பிட நான் கூட்டத்தோடு கொடி பிடித்தவன் பின்னால் போக வேண்டுமா? அடுத்த வருஷம் நான் அங்கே போய் என்ன செய்ய, எல்லோரும் தட்டு வழிக்கும்போது ஒரு கைப்பிடியைக் கொறித்துவிட்டு வேடிக்கை பார்க்கவா? எனக்கு வேண்டியது இந்த வருஷம்.

திட்டம் போடும் வேலையை அப்பாவிடம் விட்டேன், அது என் புத்தி. அவர் ஓட்டிய லைன் பஸ் இந்த ஊர்களையெல்லாம்தானே கோத்துக்கொண்டு போகும். எந்த ஊர் சதுக்கத்தில் எந்தச் சமையலறையிலிருந்து என்ன வாசம் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், ஆனால் டியூட்டியில் இருந்த காலமெல்லாம் ஒரு ஊரிலும் இறங்கி உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அதனால் மனுஷன் என்ன செய்தார் தெரியுமா, விடுமுறைக்கு பஸ் டைம்டேபிள் போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். சான் வித்தோரேயில் பொரித்த ஆலிவ், ஏழு நிமிஷம். பெத்ராலுங்காவில் காட்டுச் சோம்பு திணித்த முயல், இருபது நிமிஷம், அதுவும் அங்கே பஸ் திருப்ப இடம் வேண்டும் என்பதால். "ஏங்க, முயலை மென்னு முழுங்கணுமா, இல்லை ஜன்னல் வழியா வாங்கிக்கிட்டு ஏறணுமா?" என்று கேட்டேன். "லேட்டானா அடுத்த ஊர்ல ஜனங்க காத்துக்கிட்டு நிப்பாங்களே" என்றார். பத்து வருஷமாகிறது ரிட்டயராகி, இன்னும் ஜனங்கள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். தாளை வாங்கி அடுப்பில் போட்டேன். இப்போது திட்டம் இவ்வளவுதான்: எங்கே பசிக்கிறதோ அங்கே இறங்குவது, எழுந்திருக்க மனசு வரும்வரை உட்காருவது. திங்கட்கிழமை சாப்பாட்டு விடுதிகளுக்கு விடுமுறை, எந்த ஊரிலும் அடுப்பெரியாது, அதனால்தான் செவ்வாய்.

பெத்ராலுங்காவில் என் சித்தி மகள் பியெரீனா வீட்டில் இது திராட்சை அறுவடை நேரம். அறுவடையின்போது அவர்கள் வீட்டுக்கு யார் போனாலும், பாதிரியாரே போனாலும், கையில் கத்தரிக்கோலைக் கொடுத்துவிடுவார்கள், கொஞ்சமாவது வெட்டாதவர்களுக்கு மேஜையில் இடம் கிடையாது, இது உனக்கும் தெரியும். நான் வருகிறேன் என்றதும் அவள், "நீ வாடி ராசாத்தி, நிழல்ல நாற்காலி போட்டு வைக்கிறேன், நீ ஒண்ணையும் தொட வேணாம்" என்றாள். அப்படியானால் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அப்புறம், "சரி சனியனே, உன் கத்தரிக்கோலை நீயே கொண்டு வா, என்னோடது மொண்ணை" என்றாள். எனக்கு அப்போதுதான் பசி எடுத்தது.

இனிமேல்தான் பெரிய கதை. கடைசி நாள் ரோக்காசெர்வாவுக்குப் போக வேண்டும் என்றேன், நான் பிறந்த ஊர். உன் அப்பா முகம் எப்படிப் போயிருக்கும் என்று நீயே நினைத்துப் பார். ரோக்காசெர்வாக்காரர்கள் எல்லைக்கல்லை நகர்த்தினார்கள் என்று கொல்லெவெர்னோவில் நம்மவர்களும், நம்மவர்கள்தான் நகர்த்தினார்கள் என்று அவர்களும் சொல்வார்கள், எந்தக் கல், எந்தக் காலம் என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் அந்த ஊர் ஒயினை இந்த ஊர்க்காரன் தொடமாட்டான். என்னைப் பெண் கேட்டு வந்தபோதே உன் அப்பா வழித் தாத்தா, பெண் வரட்டும், ஒயின் வரக்கூடாது என்று சொல்லித்தான் சம்மதித்தார். நானும் இத்தனை வருஷம் இந்த வீட்டில் அந்த ஒயினைக் கொண்டுவந்ததில்லை. கல்லறைத் திருநாளுக்கு என் அம்மா அப்பாவுக்குப் பூ வைக்கப் போகும்போதும் உன் அப்பா கார் ஜன்னலை ஏற்றிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஆனால் தக்காளி போடாமல், மெல்லிய மாவுத் தகடுகளுக்கு நடுவே கோழி ஈரலும் குடலும் போட்டு அடுக்கடுக்காகச் செய்கிற வின்ச்சிஸ்கிராஸ்ஸியை எங்கள் ஊரில் செய்கிற மாதிரி எங்கும் செய்வதில்லை. என் கல்யாணத்துக்கு முந்தைய நாள் அம்மா செய்து போட்டாள், அதோடு சரி. அதை அந்த ஊர் ஒயினோடு, என் புருஷனை எதிரே உட்காரவைத்துக்கொண்டு, வயிறு முட்டச் சாப்பிட வேண்டும். இதற்காகத்தான் மகளே இத்தனை சண்டையும்.

அங்கே இப்போது ஒரே ஒரு சாப்பாட்டு விடுதிதான், அஸ்ஸுந்தா என்று ஒருத்தி நடத்துகிறாள். மேஜை சொல்லிவைக்க அப்பாவே போன் போட்டார், நான் பக்கத்தில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன். எந்த ஊர் என்று கேட்டிருக்கிறாள், இவரும் கொல்லெவெர்னோ என்று மார்தட்டிச் சொன்னார். அவள் குரல் எனக்கே கேட்டது. "கொல்லெவெர்னோவா? உங்களுக்குன்னு ஒரு மேஜை இருக்கு, கக்கூஸ் கதவுக்குப் பக்கத்துல. கதவு சரியா சாத்தாது, பரவாயில்லையா?" என்றாள். சரி, இனி கூரை பறக்கும் என்று நான் காதைப் பொத்தப் போனேன். உன் அப்பா கத்தவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அங்கயே போடும்மா, படிக்கட்டுல போட்டாலும் சரி. என் வீட்டுக்காரி உங்க ஊர்ப் பொண்ணு, அவளுக்கு உடம்பு சரியில்லை. உங்க ஒயின்தான் ஒசத்தின்னு நான் சொல்லணுமா? சொல்றேன்மா, உங்களதுதான் ஒசத்தி" என்றார்.

லொரெடானா, டாக்டர் படம் போட்டுக் காட்டியபோதுகூட எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. இந்த மனுஷன் வாயிலிருந்து இந்த வார்த்தை வருகிறது என்றால் நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்றுதானே அர்த்தம். பீன்ஸ் தரையெல்லாம் கொட்ட எழுந்துபோய் போனைப் பிடுங்கினேன். "இவர் சொல்றதை நம்பாதே, பொய் சொல்றார். உங்க ஒயின் கால் கழுவத்தான் லாயக்குன்னு நாற்பது வருஷமாச் சொல்றவர் இவர். நான் ஆலைக்காரர் கெர்வாஸியோ மகள் எல்விரா பேசறேன். நடுக்கூடத்துல மேஜை போடு, அதை உன் முகத்துக்கு நேரா சொல்லவைக்கிறேன்" என்றேன். அவள் சிரித்தாள் பார், அப்படி ஒரு சிரிப்பு. "வாங்கக்கா, வந்து சொல்லட்டும். மண்டையில போட கரண்டியை எடுத்து வைக்கிறேன்" என்றாள். அப்புறம் உன் அப்பாவைத் திட்டினேன், அவர் அழுதார், நானும் அழுதேன். பீன்ஸைப் பொறுக்கும்போது, அது கால் கழுவக்கூட ஆகாது என்று முணுமுணுத்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

எனக்குப் பயமே இல்லை என்று நினைக்காதே. இருக்கிறது, காலையில் கண் விழித்ததும் முதலில் அதுதான் வருகிறது. ஆனால் அந்தப் பயத்தை மடியில் வைத்துக்கொண்டு கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் உட்கார என்னால் முடியாது. எப்படியும் அது கூட வரும், வந்து சாப்பிடட்டும். நீ அக்டோபரில் டிக்கெட் எடுத்திருப்பதாகத் துல்லியோ சொன்னான். வா. உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, இதை நான் போனில் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பஞ்சுக் குரலை அங்கேயே விட்டுவிட்டு வா. கோபம் இருந்தால் கத்து, சின்ன வயசில் கதவை அறைந்துகொண்டு போவாயே, அந்த மாதிரி அறை. நானும் கத்துவேன்.

சூப்பில் உப்பை அதிகம் போடாதே, கிரேகிடம் நான் கோபித்துக்கொள்ளவில்லை என்று சொல், டெஸ்ஸா நெற்றியில் எனக்காக ஒரு முத்தம். கடவுள் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும், உன் கைக்கு எட்டியதெல்லாம் விளங்கட்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். மயக்கம் தெளிந்து நான் கண் திறக்கும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் நீ இருந்தால், வலிக்கிறதா அம்மா என்று கேட்காதே. ரோக்காசெர்வாவில் என்ன சாப்பிட்டாய் என்று கேள். வாய் எவ்வளவு வறண்டிருந்தாலும் சொல்வேன்.

உன் அம்மா,
எல்விரா