அட்டையில் இல்லாத ஆறு விநாடி

1912 ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்றும் எல்வெல் கடிகாரத்தோடு என் முதுகுக்குப் பின்னால் நின்றார். எங்கள் வேலையை அளக்கவென்றே முதலாளி கொண்டுவந்திருக்கும் ஆள். நான் செய்வது பம்புக்குள் குழிவு விழ வைக்கிற மணல் அச்சு. இந்தப் பிட்ஸ்பர்க் வார்ப்படச் சாலையில் பதினோரு வருஷமாக அதுதான். வழக்கம்போல ஒரு பிடி மணலை இறுக்கி உடைத்துப் பார்த்தேன்.

"அது எதுக்கும்மா?"

"ஈரம் பாக்க."

"ஆறு விநாடி வீண்," என்று எழுதிக்கொண்டார். வெளியே நல்ல வெயில்.

ஆகஸ்ட் 14

மேசைக்கு மேல் எல்வெல் எழுதிய அட்டையை அடித்தாயிற்று. என் வேலை ஏழு வரியில்! மணல் பார்ப்பது அதில் இல்லை. மேஸ்திரி டூகன் சொன்னான்: "அட்டையில இருக்கறபடி செய். இல்லன்னா சனிக்கிழமையோட நின்னுக்க."

என் புருஷன் யான் செத்ததிலிருந்து இந்தக் கைதான் வீட்டில் அடுப்பெரிக்கிறது. நிற்பதாவது.

ஆகஸ்ட் 15

கை தானாக மணலுக்குப் போகிறது. அடக்கினேன்.

ஆகஸ்ட் 20

மூன்று நாளாக மழை. மணல் வண்டியில் வந்து இறங்கும்போதே தெரிந்தது, ஈரம் அதிகம். சொன்னேன்.

"அட்டையில மழைன்னு போட்டிருக்கா?" என்றான் டூகன்.

போடவில்லைதான். வரி பிசகாமல் செய்தேன். எண்பது அச்சு! எப்போதும் ஐம்பத்தைந்து. எல்வெலுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஆகஸ்ட் 22

எண்பது பம்பில் அறுபத்து மூன்றில் ஓட்டை, ஈர மணல் கக்கிய ஆவியால். "வேணும்னே பண்ணியிருக்க, கெளம்பு," என்றான் டூகன்.

நானா? என் கையால் நானே கெடுப்பேனா? வந்ததே கோபம். எல்வெலிடமே போனேன்.

"நீங்களே நாலு குவியல் கலந்து வைங்க சார். என் கண்ணைக் கட்டுங்க. எது ஆகும், எது ஆகாதுன்னு சொல்றேன். ஒண்ணு தப்பினாலும் நானே போயிடறேன்."

என்ன வாய் எனக்கு! நாளைக் காலையாம்.

ஆகஸ்ட் 23

நான்கையும் சரியாகச் சொன்னேன். நான்கையும்!

எல்வெல் தானும் பிடித்துப் பார்த்தார். ஒன்றுதான் சரியாக வந்தது. "எப்படித் தெரியுது உங்களுக்கு? சொன்னா எழுதிக்கறேன்," என்றார், பென்சிலோடு. யோசித்தேன். நிஜமாகவே சொல்லத் தெரியவில்லை. பாவம், பென்சிலைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 26, திங்கள்

எல்லா மேசைக்கும் புது அட்டை. மூன்றாம் வரி: மணலை இறுக்கிப் பார்க்க, ஆறு விநாடி. அடியில் தேவையான கருவிகள்: மரப்பெட்டி ஒன்று, இடிகட்டை ஒன்று, கத்தி ஒன்று, சூசனா ஹ்ரிவ்னாக்கின் வலது கை ஒன்று.

கேலி இல்லை. அந்த மனிதருக்குக் கேலி செய்யத் தெரியாது. இனி எனக்குக் காய்ச்சல் வந்தால் கருவி பழுது என்றுதான் எழுதுவார்.

நாள் முழுக்க மற்றப் பெண்கள் ஆளுக்கொரு பிடி மணலோடு என் மேசைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். நான் செய்தது இருபது அச்சுதான். டூகன் எண்ணிப் பார்த்துவிட்டு, இருபது என்று எழுதிக்கொண்டு போனான்.