இரண்டு பேர் வரி கட்டிய வீடு

அன்பு வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறேன், வேறு மாதிரி இருந்தாலும் நீ சொல்லமாட்டாய். போனில் சொல்லியிருக்கலாம். நீ இடையில் பேசுவாய், நான் பாதியில் விட்டுவிடுவேன். அதனால் கடிதம்.

வீட்டு வரி விஷயம். நீ இந்த வீட்டை வாங்கி எங்களைக் குடிவைத்து மூன்று வருடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் நகராட்சி அலுவலகம் போய், என் தையல் காசில் வரி கட்டிவந்தேன். உன்னிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் பாதிதான் சொன்னேன். இருபத்தாறு வருடத்தில் ஐந்து வாடகை வீடு, ஐந்து வீட்டுக்காரர்களும் வாடகைக்கு மேல் வரியையும் நம்மிடமே வாங்கினார்கள், அதனால் வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் வரி கட்டவேண்டும் என்பது மழை மேலிருந்து பெய்யும் என்பதுபோல எனக்கு. நேற்று ஏழாவது தடவையாகப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏம்மா, ஊர்ல பாதி வீட்டுக்கு ஒருத்தரும் கட்டமாட்டேங்குறாங்க, உங்க வீட்டுக்கு மட்டும் ரெண்டு பேர் கட்டுறீங்களே" என்றாள். நேரில் கட்டுவது ஒரு பதிவேட்டில், இணையத்தில் கட்டுவது வேறொன்றில் இருந்ததாம், போன மாதம்தான் ஒன்றாக்கினார்களாம். ஒவ்வொரு முறையும் முதல் வாரத்திலேயே நீ அங்கிருந்து கட்டியிருக்கிறாய். நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாதத்தில்கூட. அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வாடகைக்கு இருக்கீங்களா என்று கேட்டாள். இல்லம்மா, என் மக வீடு என்றேன். "அப்ப ஓனர்தானே கட்டணும்? வாடகைக்கு இருக்கறவங்களே கட்ட வேண்டாம், ஒப்பந்தத்துல எழுதியிருந்தாத்தான். நீங்க ஏன் குடித்தனக்காரங்க மாதிரி ஓடி வர்றீங்க?" கையிலிருந்த பணத்தைப் பைக்குள் வைத்தேன். பின்னால் நின்றவர், "அம்மாவுக்கு அவ்ளோ ஆசைன்னா என் வீட்டுக்கும் சேத்துக் கட்டச் சொல்லுங்க" என்றார். வரிசையே சிரித்தது. நானும்.

திரும்பி நடக்கையில் மூன்றாவது வாடகை வீடு ஞாபகம் வந்தது. வரிக்காக வந்து நின்ற வீட்டுக்கார மரக்கடைக்காரரிடம், பதினோரு வயதில், "வீடு உங்களோடது, வரி மட்டும் எப்படி மாமா எங்களோடது?" என்று கேட்டாய். அவர்தான் வாயாடி என்றார். பெயரை நாங்களே வைத்துக்கொண்டோம். அப்போது நான் உன் தொடையில் கிள்ளியது நான்கு நாள் கன்றியிருந்தது, அதை இதுவரை யாரும் பேசவில்லை. நீ கேட்டது சரி. அந்தக் கவுண்டர்ப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உனக்கு அன்றே எப்படித் தெரிந்தது? கொடுத்துக் கொடுத்தே பழகிய வீட்டில் கேட்கத் தெரிந்த ஒருத்தி.

இன்னொன்று. நீ பட்டம் வாங்கிய படம் அலமாரி மேல் சாய்ந்தே நிற்பதை வீடியோவில் பார்த்திருப்பாய். ஆணி அடிக்கக்கூடாது என்று ஐந்து வீட்டிலும் சொன்னார்கள். இங்கே யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அடிக்கவில்லை. மகளின் வீட்டில் இவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன், ரசீதைக் காட்டி நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அப்பாவிடம் நேற்று முழுவதும் சொன்னேன். "அப்ப நீ மகளுக்கு வாடகை குடுத்திருக்க, நான்தான் மூணு வருஷமா ஓசிக் குடித்தனமா?" என்றார். சிரித்தார். பிறகு வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் கட்டியதெல்லாம் வரவில் இருக்கிறது, அடுத்த ஆறு அரையாண்டுக்கு அதையே கழித்துக்கொள்வார்களாம். அதுவரை நீ கட்டாதே, மறந்துவிடாதே. அதற்குப் பிறகு நீதான், ஓனர் நீ. நான் போகமாட்டேன்.

நன்றாக இரு. யார் கிள்ளினாலும் கேட்டுக்கொண்டே இரு.

காலையில் உன் படத்துக்கு ஆணி அடித்தேன். முதல் ஆணி வளைந்து சுவரில் பூச்சு கொஞ்சம் பெயர்ந்துவிட்டது, இரண்டாவது நின்றது. உன்னிடம் கேட்கவில்லை.

உன் வீட்டிலிருந்து, நம் வீட்டிலிருந்து,
அம்மா