மூர்த்தி அங்கிள் இந்த முறை நிஜமாகவே செத்துவிட்டார்

அடியே,

மூர்த்தி அங்கிள் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் போன் ஒருமுறை சிணுங்கியது. எடுத்துப் பார்த்தால் அவர் முகம், கீழே ஸ்பானிய மொழியில் மூன்றே வரிச் செய்தி. மூத்த நடிகர், தன் வீட்டில், தூக்கத்தில். அவ்வளவுதான். குதிரை இல்லை, துப்பாக்கி இல்லை, காமிரா இல்லை. நீ இருந்திருந்தால் உதட்டைப் பிதுக்கி, "சீ, இதெல்லாம் ஒரு சாவோ? ரெண்டு மார்க்" என்றிருப்பாய். நான் பள்ளிக் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். யாராவது கேட்டால் ஒரு ஸ்பானிய நடிகருக்காக அழுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு வருடமாக எனக்கு இப்படி ஒரு சாக்குக் கிடைக்கவில்லை.

நாம் ஒன்பதாம் வகுப்பில் ஸ்பானிஷ் எடுத்தது எந்த லட்சியத்தாலும் இல்லை. அதில் மார்க் சுலபம் என்று யாரோ சொன்னதால் நான் எடுத்தேன், நான் எடுத்ததால் நீ எடுத்தாய். 'ஒரு ஸ்பானிய நடிகரின் திரைவாழ்க்கை' என்று டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். வகுப்பே அழகான கதாநாயகர்களைப் பங்கு போட்டுக்கொண்டது. நீ மட்டும் நூலகத்தில் எடுத்த ஒரு பழைய படத்தின் பெயர்ப்பட்டியலை ஓடவிட்டு, கடைசிப் பெயரில் விரலை வைத்தாய். "எல்லாரும் மேல இருக்கிற ஆக்களைத்தான் பாப்பினம். நாங்கள் கீழயிருந்து வருவம்" என்றாய்.

அவர் அந்தப் படத்தில் பன்னிரண்டாவது நிமிடத்தில் செத்தார். அடுத்த படத்தில் ஏழாவது நிமிடத்தில். உயிரைக் கொடுத்து நடிக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம், இவர் உயிரை விட்டு நடிக்கிறவர். இடைவேளைக்கு முன்பே இவருக்கு இறுதிவேளை வந்துவிடும். இளைஞனாக இருந்தபோது சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்ட சிப்பாய். பிறகு பாலைவனத்தில் எடுத்த குதிரைப் படங்களில் கொள்ளைக்காரன், மீசை மட்டும்தான் படத்துக்குப் படம் மாறும். அப்புறம் கடத்தல்காரன், விஷம் வைக்கப்பட்ட பாதிரியார், மகன்கள் சூழக் கட்டிலில் இழுத்துக்கொண்டு கிடக்கும் பணக்காரன். நாம் பார்த்ததில் ஒரே ஒரு படத்தில்தான் கடைசிவரை பிழைத்திருந்தார். அது கார்ட்டூன், ஒரு கிழநாய்க்குக் குரல் கொடுத்திருந்தார். "பொறு, நாய் சாகும்" என்று நீ எழுத்துகள் ஓடி முடியும் வரை எழுந்திருக்கவே இல்லை.

ஸ்பானிய மொழியில் 'மூயெர்த்தோ' என்றால் செத்தவன் என்று படித்த அன்றே நான் அவருக்கு மூர்த்தி என்று பெயர் வைத்துவிட்டேன். வயதானவர் ஆயிற்றே, அங்கிளையும் சேர்த்தது நீ. இன்னொரு பட்டமும் நான் கொடுத்தேன், சாவுகிராக்கி. "அப்பிடியெண்டா?" என்று கேட்டாய். யாழ்ப்பாணத்து வீட்டில் வளர்ந்தவளுக்கு எங்கள் சென்னைத் திட்டு தெரியாதே! "சாவுக்காகவே மார்க்கெட்டுல கிராக்கி இருக்கிற ஆளுடி, பெரிய பாராட்டு" என்றேன். அதை அப்படியே நம்பி என் அப்பாவிடம் போய், "அங்கிள், நீங்கள் உண்மையாவே ஒரு சாவுகிராக்கி" என்றாய். அப்பா குடித்துக்கொண்டிருந்த காபி மூக்கு வழியாக வந்தது.

சனிக்கிழமை மத்தியானங்களில் ஹோம்புஷ் பேட்டையில் உங்கள் மூன்றாம் மாடி பிளாட்டில் உட்கார்ந்து பார்ப்போம். உன் அம்மா, உங்கள் வழக்கில் எனக்கு 'அன்ரி', கடலைத் தட்டோடு நடுவில் வந்து நிற்பார். "இந்த மனுசன் இன்னும் சாகேல்லையே?"

"பொறுங்கோ அம்மா. தொப்பியைக் கழட்டுறார். இப்ப முடிஞ்சிடும்."

அதைக் கண்டுபிடித்தது நீதான். குண்டு பாய்ந்தவர்கள் எல்லாரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுழல்வார்கள். மூர்த்தி அங்கிள் சுழல மாட்டார். கையில் என்ன இருக்கிறதோ அதை முதலில் எங்காவது வைப்பார். தொப்பியோ, கிளாஸோ, பாதி தின்ற ரொட்டியோ, பத்திரமாக வைப்பார். பிறகு களைத்தவர்போல உட்காருவார். பிறகு சாய்வார். "வைச்சிட்டுத்தான் போறார், பாத்தியோ? மற்றவைக்குத் துடைக்கிற வேலை வைக்கமாட்டார்" என்று நீ சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

வகுப்பில் நீ அவருடைய ஆறு சாவுகளை வரிசையாகச் செத்துக் காட்டினாய். முழு மார்க். அதோடு விட்டோமா? நான் டைரக்டர், கையில் போன். நீ நடிகை. பழக்கடையில் பூசணிக்காய்களுக்கு நடுவே செத்தாய், கடைக்காரர் இருவரையும் துரத்தினார். நூலகத்தில் செத்தாய், பூங்காவில் செத்தாய், எங்கள் வீட்டுக் கொலு முன்னால்கூடச் செத்தாய். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று நான் மார்க் போடுவேன். ஒன்பதை நீ தாண்டியதே இல்லை.

போன பிப்ரவரியில் பள்ளி விட்டு ஸ்டேஷனுக்கு வந்தோம். கடையில் வாங்கிய மசாலா டீ உன் கையில். பிளாட்பாரத்தில் நடந்துகொண்டிருந்தவள் நின்றாய். நீ நின்ற விதத்தைப் பார்த்ததுமே ஆட்டம் ஆரம்பம் என்று போனை எடுத்துவிட்டேன். அதனால்தான் நீ சொன்னது பதிவாகியிருக்கிறது. "எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கடி."

நான் சிரித்தேன். "வசனம் சூப்பர்டி" என்றேன்.

நீ டீயை பெஞ்சின் மேல் வைத்தாய், ஒரு சொட்டும் சிந்தாமல். பிறகு உட்கார்ந்தாய். பிறகு சாய்ந்தாய். அச்சு அசல் அவரேதான். உன் கண் மூடாமல் இருந்ததைக் கிட்டே போய் எடுத்தேன். "ஒன்பதரை!" என்றேன். "போதும் எழுந்திரு, ட்ரெயின் வருது" என்றேன். காய்கறி வண்டியை இழுத்துக்கொண்டு வந்த ஒரு சீன அம்மா வண்டியைக் கீழே போட்டுவிட்டு உன் பக்கத்தில் மண்டியிட்டார். என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆம்புலன்ஸ்!" என்று கத்தினார். அங்கே முடிகிறது வீடியோ. ஐம்பத்தெட்டு விநாடி.

பிறவியிலேயே உன் இதயத் துடிப்பில் கோளாறு இருந்ததாம், யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த ஐம்பத்தெட்டு விநாடியில் ஏதாவது மாறியிருக்குமா என்று நான் எவரையும் கேட்கவில்லை. என் அம்மா நர்ஸ். கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர். அதனால்தான் கேட்கவில்லை.

செத்த வீட்டில் அன்ரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, கடைசியா ஏதும் சொன்னவளே?"

"இல்ல அன்ரி. டக்குன்னு விழுந்துட்டா. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்." மூன்று வாக்கியம், மூன்று பொய். எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறேன். கடைசியில் "சும்மா சொன்னேன்" என்று சிரிப்பதற்குத்தான் ஏமாற்றுவதே. இதற்கு அந்தக் கடைசி இல்லை. போகும்போதெல்லாம் அன்ரி அதையே கேட்பார். "ஒரு சத்தம்கூட இல்லையோ? அம்மா எண்டாவது?" நான் தலையை ஆட்டுவேன். உன் கடைசி வார்த்தை அவருக்கு உரியது. அது என் பாக்கெட்டில் என் சிரிப்போடு ஒட்டிக் கிடந்தது. ஒன்றைக் கொடுத்தால் மற்றதையும் கொடுத்தாக வேண்டும்.

செவ்வாய் மாலை நேராக உங்கள் வீட்டுக்குப் போனேன். "மூர்த்தி அங்கிள் செத்துட்டார் அன்ரி."

"எந்தப் படத்தில?"

"படத்துல இல்ல. நிஜமா."

அன்ரி கதிரையில் உட்கார்ந்தார். "நல்லா இருந்து போன மனுசன்" என்றார். பிறகு, "படுத்த படுக்கையில போகேக்க பக்கத்தில ஆரும் இருந்தவையோ?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். விக்காமல் சொன்னேன், அதுதான் எனக்கே அசிங்கமாக இருந்தது. போனை நீட்டினேன்.

படத்தை அவர் பார்க்கவில்லை. திரையை மேசையைப் பார்க்கக் கவிழ்த்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டார். உன் குரல், என் சிரிப்பு, என் ஒன்பதரை, சீன அம்மாவின் கத்தல், எல்லாம். இரண்டாம் முறையும் முழுவதும் கேட்டார். மூன்றாம் முறை, என் சிரிப்புக்குச் சற்று முன்னால் நிறுத்தக் கற்றுக்கொண்டார். அப்புறம் அந்த நான்கு சொற்களை மட்டும், திரும்பத் திரும்ப.

"எனக்கு அனுப்பு" என்றார். அனுப்பினேன்.

"நீ அழிக்கக் கூடாது."

"சரி அன்ரி."

"நீயும் கேக்கிறனியோ?"

"ஆமா. தினமும்."

"கேள்" என்றார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வர்றேன் அன்ரி" என்றேன். அந்த வீட்டிலிருந்து நான் கிளம்பிய எந்த நாளும் "போட்டு வா பிள்ளை" என்பார், சண்டை போட்ட நாள்களில்கூட. அன்று "போ" என்றார். மற்ற பாதிக்காகக் கொஞ்ச நேரம் நின்றேன். கதவு மூடிக்கொண்டது. சரிதான். இனி அவர் கூப்பிட்டால் போவேன், கூப்பிடாவிட்டால் போகமாட்டேன்.

ஆட்டத்தை எல்லாம் நிறுத்திவிட்டேன். ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ரயிலில் யாராவது கண்ணை மூடித் தலை சாய்ந்திருந்தால் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. தோளைத் தட்டி எழுப்பிவிடுகிறேன். நேற்று ஸ்ட்ராத்ஃபீல்டு ஸ்டேஷன் தாண்டியதும் ஒரு பெரியவர் திடுக்கிட்டு விழித்து, விளையாட்டா உனக்கு, உன்னைப் பெற்றவர்கள் ஒழுங்கு சொல்லித் தரவில்லையா என்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். பெட்டியே திரும்பிப் பார்த்தது. நான் நகரவில்லை. அவர் முகம் சிவந்து, மூச்சு வாங்கத் திட்டி முடிக்கும் வரை எதிரே நின்று முழுவதையும் கேட்டேன். திட்டுகிறவர் உயிரோடு இருக்கிறார்.