சின்னமுத்து ஊசி

மருதனார்மடம்
18.08.1993

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். ஜேர்மனியில் நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன். வழக்கமாகக் கடிதத்தை மச்சாளிடம் கொடுத்துத்தான் தபாலில் போடுவேன், இதை அப்படிப் போடவில்லை. கொழும்புக்குப் போகும் நடராசா மாஸ்டரிடம் நானே கொடுக்கிறேன்.

எங்கள் அருந்ததிக்கு, தட்டம்மை வராமல் தடுக்கும் இந்தச் சின்னமுத்து ஊசி போடவேண்டாம் என்று போன கடிதத்தில் கண்டிப்பாக எழுதியிருந்தீர்கள். ஊசியைப் பற்றி நான் உங்களுக்கு ஒரு வரியும் எழுதியதில்லை. யார் சொன்னது என்று கேட்கமாட்டேன். அதில் இருந்தவை உங்கள் அக்காவின் சொற்கள்.

மச்சாளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஊரே அப்படித்தான் கதைக்கிறது. கிளினிக்கிலிருந்து வந்தவர்கள், ஒன்பது மாதம் முடிந்தால் கட்டாயம் போடவேண்டும், ஊசி போட்ட கார்ட் இல்லாவிட்டால் பிறகு பள்ளிக்கூடத்தில் எடுக்கமாட்டார்கள் என்று சொல்லிப் போனார்கள். சங்கக்கடையில் முத்துக்குமாரு அண்ணை, "அரசாங்கக்காரர் மண்ணெண்ணெய் விடமாட்டினம், சவர்க்காரம் விடமாட்டினம். எங்கடை பிள்ளையளுக்கு ஊசி மட்டும் கப்பலிலை அனுப்புவினமோ? உதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கே ஊசி போடும் மருத்துவிச்சி அற்புதராணியையும் நான் நம்பவில்லை.

ஆனால் அகதி முகாமில் சின்னமுத்து பரவி ஒரு குழந்தை செத்துப்போனது. அருந்ததியின் வயதுதான். அதற்குப் பிறகு கிளினிக் நாள் எப்போது என்று விசாரித்தேன்.

கிளினிக் நாளன்று பிள்ளையின் கார்ட்டைக் காணவில்லை. மச்சாளின் தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். வாசிகசாலையில் பத்துத் தாய்மார் காத்திருந்தோம். சைக்கிளுக்குக் காற்றுப் போய், மருத்துவிச்சி அதை வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தார். மருந்துப் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "ஐஸ் கரைஞ்சு போச்சு. இந்த மருந்து இனிச் சரிவராது. ஒரு பிள்ளைக்கும் போடமாட்டன். வாற புதன் வாங்கோ" என்றார். "பாத்தியளே, பழுதான மருந்து!" என்று சனம் கலைந்தது. எனக்கு வேறுவிதமாகப் பட்டது. எங்கள் பிள்ளைகளைக் கெடுக்க வந்தவர் என்றால் பேசாமல் போட்டுவிட்டுப் போயிருப்பாரே.

அந்த ஒன்றுக்காக மறுபுதன் போனேன். என்னோடு இன்னும் இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். ஐஸை நானே தொட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளையின் கையைக் கொடுத்தேன். மருத்துவிச்சி கோபிக்கவில்லை. "வடிவாப் பாருங்கோ" என்றார்.

ஒரு கிழமை கழித்துக் காய்ச்சல் வரலாம் என்று சொல்லியிருந்தார். எட்டாம் நாள் வந்தது. மச்சாள் ஏசுவார் என்று இருந்தேன். அவர் ஈரத்துணியோடு பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து இருந்து, "என்ரை குகனுக்கும் ஊசி போட்டாப் பிறகு உப்பிடித்தான் காஞ்சது" என்றார். அத்தான், அவருக்கு ஒரு மகன் இருந்தான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஊசியால் போனானா, வேறு காய்ச்சலால் போனானா என்று அவருக்கு யாருமே சொல்லவில்லையாம்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. இன்று பிள்ளை கஞ்சி குடித்தாள். என்றாலும் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

உங்கள் சொல்லை மீறியதற்கு என்னை எவ்வளவும் ஏசி எழுதுங்கள். மச்சாளுக்கு மட்டும் வேறாக ஒரு கடிதம் போடுங்கள். அதில் ஊசிக் கதை வேண்டாம். குகனைப் பற்றி நாலு வரி எழுதுங்கள். அவனைத் தோளில் தூக்கித் திரிந்தது நீங்கள்தானாம்.

நல்லூர்க் கந்தன் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

உங்கள்
குணலட்சுமி